தலையில் அடித்துக்கொள்கிற வீடு

அன்றைக்கு எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான். பெரியப்பா, பிளாஸ்டிக் நாற்காலியில். அத்தை, பட்டுப்புடவை கசங்கக்கூடாது என்று கட்டில் விளிம்பில். அப்பா, வாசற்படிக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றாமல். அம்மா, தரையில். தங்கச்சி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு. நான், சமையலறை வாசலில். மொத்தம் ஆறு பேர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஆளாளுக்கு அங்கே கூட இருந்து பார்த்த மாதிரி பேசிவிட்டார்கள். ஒருத்தரும் இல்லை. நாங்கள் ஆறு பேர்தான்.

வானகரத்தில் ஒரு மண்டபத்திலிருந்து அப்போதுதான் கொரட்டூருக்குத் திரும்பியிருந்தோம். அத்தை மகளுக்கு வளைகாப்பு. வைகாசி வெயில், மண்டபத்தில் ஏசி பாதிதான் வேலை செய்தது. எல்லோரும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தபோது தங்கச்சி மட்டும் மணிக்கட்டு வரை மூடுகிற முழுக்கைச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள். காலேஜில் சேர்ந்த மறு வருடத்திலிருந்தே அவளுக்கு முழுக்கைதான். கேட்டால் "வெயில்ல கறுத்துடறேன்" என்பாள். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். நான் சாதாரணமாக எதையும் சரி என்று விடுகிற ஆள் கிடையாது. படுத்த பிறகு எழுந்துபோய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். வண்டியைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பேன். அப்படிப்பட்ட நான் இந்த ஒன்றுக்குப் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஊரில் இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன்.

வளைகாப்பில் மாசமான பெண்ணுக்கு வளையல் போட்டு முடித்ததும், வந்திருக்கிற பெண்களுக்கும் கண்ணாடி வளையல் போட்டு அனுப்புவது வழக்கம். கல்யாணம் ஆகாத பெண் என்றால் விடவே மாட்டார்கள். போட்டால் அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணமாம். அத்தை தட்டோடு தங்கச்சி முன்னால் வந்து நின்றாள்.

"கைய நீட்டுடி."

"வேணா அத்த. குடு, நான் ஊட்டுக்குப் போய் போட்டுக்கிறேன்."

"இன்னாடி புதுசா வெக்கம். உனக்கும் ஒரு நாளு இந்த மாரி உக்கார வாணாவா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை அந்தச் சிரிப்பிலேயே தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்து, துணியை முழங்கை வரை தூக்கிவிட்டாள். பழசும் புதுசுமாக, தனக்குத்தானே உண்டாக்கிக்கொண்ட தழும்புகள். நான் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தேன். எனக்கே தெரிந்தது.

அத்தை அப்போது தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றி யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தாள். பிறகு துணியைக் கீழே இழுத்துவிட்டு, அந்தத் துணிக்கு மேலேயே பச்சையும் சிவப்புமாக வளையல்களை ஏற்றினாள். கை நிறைய ஏற்றினாள். தங்கச்சி அந்தக் கோலத்தோடுதான் பந்தியில் உட்கார்ந்து புளிச்சாதத்தையும் தேங்காய்ச் சாதத்தையும் பிசைந்துகொண்டிருந்தாள். சுடிதார் துணிக்கு மேல் கண்ணாடி வளையல். அதைப் பார்த்த யாரும் என்ன ஏது என்று அவளைக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. பூந்தமல்லியில் இருக்கிற பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வந்தே பல மாதம் ஆகியிருந்தது. நல்லதுக்கு வரமாட்டார். அன்றைக்கு மண்டபத்திலிருந்தே நேராக வந்துவிட்டார், அத்தையையும் கூட்டிக்கொண்டு. மகளுக்கு வளைகாப்பு நடந்த அன்றைக்கு, மண்டபத்தில் பாத்திரம் எண்ணுவதைக்கூட விட்டுவிட்டு அத்தை வந்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் முதல் கேள்வி, "யார் அந்தப் பையன்?"

"எந்தப் பையனும் இல்ல பெரிப்பா."

"போன குடு."

வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எங்கள் கண் முன்னாலேயே நோண்டினார். வகுப்புக் குழு, பஸ் ரூட்டுக் குழு, பாடக் குறிப்புகளைப் படம் பிடித்தது, எங்கள் தெரு நாய்க்குட்டியின் பத்து இருபது போட்டோ. பையன் இல்லை. அதில் அவருக்கு ஏமாற்றம்தான். பையன் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் வீட்டுக்குப் போய் நாலு சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"அழிச்சிருப்பா" என்றாள் அத்தை. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அழிக்கத் தெரியாதா. நான் சொல்றத கேளு, இது காத்து சேட்ட. மந்திரிச்சி ஒரு கயிறு கட்டுவோம். ஆவணில கட்டிக் குடுத்துடுவோம். எங்க ஊட்டுக்காரர் சொந்தத்துல திருவள்ளூர்ல ஒரு பையன் கீறான். தங்கமான பையன்."

"கையி?" என்றாள் அம்மா. அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"எண்ண தெறிச்சிச்சின்னு சொல்லிக்கலாம். சமையல் தெரிஞ்ச பொண்ணுன்னு நெனச்சிப்பாங்க."

அத்தை இதைக் கேலிக்குச் சொல்லவில்லை. யோசித்துச் சொன்னாள்.

"அப்ப படிப்பு?" என்று நான் கேட்டேன். இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "படிச்சிக் கிழிச்சது போதும். மூணு வருஷமா இவளுக்கு ஃபீஸ் யார் கட்டனது? என் பிஎப் காச ஒடச்சி குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருப்பனா?"

சொல்லியிருக்கிறார். காதுகுத்தில் சொல்லியிருக்கிறார், கிரகப்பிரவேசத்தில் சொல்லியிருக்கிறார், ஒரு சாவு வீட்டில் பிணத்தை எடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கிறார். "இதான் என் தம்பி பொண்ணு. நான்தான் படிக்க வெக்கிறேன்." தங்கச்சி அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். சிரிக்காவிட்டால் திமிர் என்பார்கள்.

"அது மட்டுமா" என்று அத்தை எடுத்துக் கொடுத்தாள். "கூடப் பொறந்த அண்ணங்காரன், உனக்காக ஸ்கூல உட்டுட்டு கம்பெனிக்குப் போனான். அவன் ரத்தத்த குடிச்சி படிக்கிற. நன்றி வாணாவா?"

தங்கச்சி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி பீரோ மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அப்போதுதான் எழுந்தாள். தங்கச்சி முன்னால் போய் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தன் தலையில் படார் படார் என்று அடித்துக்கொண்டாள். "யார்டி உனக்கு இத சொல்லிக் குடுத்தது? யார்டி சொல்லிக் குடுத்தது? நம்ம ஊட்ல யார்னா இப்பிடி பண்ணுவாங்களா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. கொண்டை அவிழ்ந்து மண்டபத்துப் பூ தரையெல்லாம் உதிர்ந்தது.

எனக்கு அந்த இடத்தில்தான் ஏதோ ஒன்று அறுந்தது. ஏனென்றால் அம்மாவின் கேள்விக்குப் பதில் அம்மாவின் கையிலேயே இருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கமாட்டார்கள். அதை அப்பா வெளியே பெருமையாகச் சொல்வார். உண்மைதான். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் தன்னைத்தானே படுத்திக்கொள்வார்கள், மற்றவர்கள் பார்த்துத் துடிக்கிற மாதிரி. அப்பாவுக்குக் கோபம் வந்தால் சாப்பிடமாட்டார். போட்ட சோறு மூடி வைத்தபடி காயும். பேச்சு கிடையாது. சர்க்கரை மாத்திரையை வேண்டுமென்றே டிவி மேல் வைத்துவிட்டுப் போவார், போடவில்லை என்பது நமக்குத் தெரிய வேண்டும் என்று. அம்மாவுக்குக் கோபம் வந்தால் தலை, இல்லாவிட்டால் சுவர். ஒரு தடவை பால்காரரிடம் ஏற்பட்ட வாய்த்தகராறுக்குக்கூட உள்ளே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் மட்டும் என்ன. நகத்தை ரத்தம் வருகிற வரை கடிப்பேன், கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருப்பேன். கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டினால் மதியச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டுவிட்டு வருவேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு குழந்தை இந்த ஹாலில் வளர்ந்தது. வலியைச் சொல்ல எங்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை இதுதான். அவள் வேறு எந்தப் பாஷையில் சொல்வாள்? கேட்க வந்துவிட்டார்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று.

"அம்மா, கைய கீழ போடு" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. நான் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "நம்ம ஊட்ல யார் இப்பிடி பண்ணுவாங்கன்னு கேட்டல்ல. நீ இப்ப இன்னா பண்ணினு இருந்த?"

"நானும் அதுவும் ஒண்ணாடா?"

இதற்குத் தங்கச்சி பதில் சொன்னாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்து முழுதாகப் பேசியது அது ஒன்றுதான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"ஒண்ணு இல்லம்மா. நீங்கல்லாம் எல்லாரும் பாக்கறதுக்குப் பண்றீங்க. நான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பண்ணேன். யாருக்கும் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னு."

அப்பா செருப்போடு வெளியே போய்விட்டார். வேறு என்ன செய்வார்.

பெரியப்பா போனைக் கட்டிலில் எறிந்தார். "இன்னா பேச்சு பேசுது பாரு. ஆவணில கல்யாணம். இல்லன்னா இனிமே என் கிட்ட இருந்து ஒத்த ரூபா வராது. குடுத்ததையும் எடுத்து வெக்கணும்."

பெரியப்பா முன்னால் நான் உட்கார்ந்ததுகூடக் கிடையாது. ஆனால் ஆவணி என்றால் மூன்று மாதம். எண்ணெய் தெறித்தது என்று சொல்லி இவளை ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கையைப் பார்த்து யார் கேட்டாலும் இவள் சிரிக்க வேண்டும். அங்கே இவளுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். என் கற்பனை எப்போதும் கெட்டதை நோக்கித்தான் ஓடும், அன்றைக்கு அது ஓடிய இடம் சரியான இடம்.

"குடுத்தது எவ்ளோ?" என்றேன்.

"ஒரு லட்சத்து எண்பத்தஞ்சி."

"அத என் பேர்ல வெச்சிக்கோங்க. அவ உங்களுக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். நன்றியும் குடுக்க வேணாம். மாசம் அஞ்சாயிரம் நான் போடறேன். இனிமே எந்த விசேஷத்துலயும் அவள நிக்க வெச்சி நீங்க கணக்கு சொல்லக் கூடாது."

"டேய், பத்தாங்கிளாஸ் தாண்டாத பையன் நீ. எனக்கு ரூல் போடறியா?"

"தாண்டலதான். அதையும் இவ தலைல வெக்காதீங்க."

அவர் காபி குடிக்காமல் எழுந்து போனார். அத்தையும் போனாள். போகும்போது பீரோ மேல் இருந்த வளையல்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அப்பா பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் கழற்றிவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. அதில் ஒரு பெண் தனியாக இருக்கக்கூடிய இடம் அந்த நாலடிக்கு நாலடிதான். தங்கச்சி குளிக்காமலேயே காலேஜுக்குக் கிளம்பினாள். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். வழியெல்லாம் பயம். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ, போலீசுக்குச் சொல்வார்களோ, காலேஜுக்குத் தெரியுமோ. அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"உன்ன பாத்தாதான் பயமா கீது. நகத்த உடு."

அங்கே பெஞ்சில் காத்திருந்தபோதுதான் அவள் கொஞ்சம் பேசினாள். இரண்டாம் வருடத்தில் ஒரு பேப்பர் போய்விட்டது. அப்பா இரண்டு வாரம் பேசவில்லை. அவளுக்கு முன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். "எல்லாரும் எனக்காக ஒண்ணு உட்டுகினு கீறீங்க. பெரிப்பா காச, அப்பா சோத்த, நீ ஸ்கூல. நான் பெயில் ஆயிட்டேன். அத எங்க கொண்டுபோய் வெக்கறதுண்ணா? ஒரு பிரியாணி துன்னாக்கூட திருடித் துன்ன மாரி கீது. எனக்கு நானே தண்டன குடுத்துட்டா சரியாப் பூடும்னு தோணும். சரியாவல. அப்புறம் அது வேற ஒரு அசிங்கமா சேந்துக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நான் ஸ்கூல உட்டப்ப உனக்கு ஆறு வயசு. ஒண்ணாங்கிளாஸ் பொண்ணோட காலேஜுக்கா நான் படிப்ப உட்டேன்? பரீட்ச அன்னிக்கெல்லாம் வாந்தி எடுப்பேன். ஹால்ல போய் உக்காந்தா கை ஓடாது. அதான் உட்டேன். ஊட்ல எல்லாருக்கும் தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "இத ஏண்ணா நீ சொல்லவே இல்ல?"

"எத்தினி தடவ சொல்லியிருக்கேன். சொன்னா, பையன் அடக்கமா பேசறான்றாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைத்தான் பார்த்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, அதே மூச்சில் அழுதாள்.

டாக்டரம்மா அவளிடம் முதலில் தனியாகப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். இவள் நடிக்கவில்லை, கவனத்தை இழுக்கச் செய்யவில்லை, இதற்கு வைத்தியம் உண்டு என்றார். தினமும் கையைக் காட்டு என்று கேட்காதீர்கள், இன்றைக்கு நாள் எப்படிப் போச்சு என்று கேளுங்கள், பதில் வந்தால் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள் என்றார். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவளிடமே நேராகக் கேட்கலாம், கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றார். ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடக்கூடிய இலவச எண் ஒன்றை எழுதி இரண்டு பேரிடமும் கொடுத்தார். நான் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். "அத அவங்க கிட்டயே கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

கேட்டேன். தாழ்ப்பாள் வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும்போது அம்மா கூப்பிட்டால் பதில் கொடுப்பேன், மனது சரியில்லாத நாளில் தாழ் போடமாட்டேன் என்றாள். டாக்டரம்மா தலையாட்டினார். அன்று சாயங்காலம் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டினேன். அவர் அன்றைக்கும் சாப்பிடவில்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கடைசி வருடத்தில் ஒரு முறை மறுபடி நடந்தது. ஆனால் அந்தத் தடவை அவளே கம்பெனிக்குப் போன் செய்து, "அண்ணா, நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள். போனை எடுக்கும்போது எனக்கு உயிர் போய் வந்தது. போனோம். அம்மாவுக்கு இப்போதும் கை தலைக்குப் போகும். பாதியில் ஞாபகம் வந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். அப்பா ஒரு நாள் தட்டைத் தள்ளியபோது தங்கச்சி அதை எடுத்துத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள். "இன்னா கோவம்னு வாயால சொல்லிட்டு சாப்புடுங்க. சொல்லலன்னா நான் எடுத்து ஃபிரிஜ்ல வெச்சிட்டு படுத்துப்பேன், அழமாட்டேன்." அவர் சொல்லவில்லை. சாப்பிட்டார்.

ஆவணி வந்தது, போனது. திருவள்ளூர்ப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. கடைசி வருடத்து ஃபீஸுக்குக் கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டுக் கெஞ்சினேன், அதைச் சம்பளத்தில் பிடித்து முடித்துவிட்டார்கள். அந்தப் போன பேப்பரையும் எழுதி முடித்தாள். இப்போது அம்பத்தூரில் ஒரு சின்ன ஆபீசில் கணக்கு வேலை. அரைக்கைச் சுடிதாரிலும் போகிறாள், எல்லா நாளும் இல்லை. அத்தை பேரனின் முதல் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு செலவு மிச்சம் என்றேன். அம்மா முறைத்தாள்.

பெரியப்பாவுக்கு மாதாமாதம் ஐந்தாயிரம் போனிலேயே அனுப்புகிறேன். பணம் வந்து சேர்ந்தது என்றுகூட அவர் பதில் போடுவதில்லை. சொந்தத்தில் இப்போது புதுக் கதை ஒன்று ஓடுகிறது. அண்ணன்காரன் தங்கச்சிக்காகக் கடனை அடைத்துக்கொண்டு கல்யாணம்கூடப் பண்ணிக்காமல் இருக்கிறானாம். எனக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, அதுதான் நிஜம்.

அந்தக் கதை தங்கச்சி காதுக்கும் வந்திருக்கிறது. முதல் சம்பளம் வாங்கிய அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்.

"பாக்கி எவ்ளோண்ணா?"

"உனக்கெதுக்கு?"

"இதான் வேணாங்கறது. நாளைக்கி இதுவும் எனக்காக நீ உட்டதுன்னு ஆவும். படிச்சது நானு. பாதி நான் போடறேன்."

"உன் மேல கடன் கெடயாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்."

"நன்றிதான் கெடயாதுன்ன. காசு காசுதான? காசுன்னா கட்டி முடிச்சிடலாம்."

நான் நகத்தை வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு அவள் போனிலிருந்தும் இரண்டாயிரத்து ஐந்நூறு என் போனிலிருந்தும் போகிறது. இந்த மாதத்தையும் சேர்த்துக் கழித்தால் பெரியப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கொடுக்க வேண்டியது ஒரு லட்சம் ரூபாய்.